ஹார்ட் டிஸ்க் வெளியூர் போகட்டும்

டி.வி.க்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து தொங்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். படம் பார்ப்பதற்கென்றே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளின் பட்டாசாலில் இதுதான் வழக்கமான ஏற்பாடு. பழைய லேப்டாப்பாக இருக்கலாம், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பையாக இருக்கலாம், 'கோடி' (Kodi) என்ற படம் காட்டும் மென்பொருள் ஏற்றிய மினி பி.சி.யாக இருக்கலாம். எதுவானாலும் படங்களும் பாட்டுகளும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். கூடவே கல்யாண வீடியோ, மகளின் சடங்கு வீடியோ, குலதெய்வக் கோயில் கொடையில் எடுத்தது, தாத்தா கடைசியாகப் பேசியது எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். வெளியே எடுத்துச் செல்வதற்கென்று விற்கப்படும் பொருள் அது. ஆனால் ஒருமுறை டி.வி. ஸ்டாண்டில் செருகியதோடு சரி. பழுதாகும்வரை அதை யாரும் பிடுங்குவதில்லை. இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம். வீட்டோடு இருக்க வேண்டியது, ரவுட்டரோடு இணைந்த நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. கடைக்காரர்கள் மொழியில் 'நாஸ்'. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் வேலை வீட்டை விட்டுப் போவது. தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகவே முக்கியம்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். பாளையங்கோட்டையில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மேலே மாஞ்சோலை மலையிலும் கொட்டியதால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. அதோடு காட்டாற்று வெள்ளமும் சேர, ஆறு கரையை மீறியது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், கொக்கிரகுளம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்சியர் அலுவலக வளாகமும் தப்பவில்லை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஏரல் பக்கம் பாலமே சேதமானது. மின்சாரமும் செல்போன் தொடர்பும் பல ஊர்களில் நாள்கணக்கில் இல்லை. 'நூறு வருஷத்துக்கு ஒருமுறை' என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறார்கள்.

இப்போது டி.வி. ஸ்டாண்டைப் பாருங்கள். உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்க வேண்டுமே என்று அதைத் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் அமைக்கிறோம். கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் அதற்கும் கீழே உள்ள தட்டில் இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனையக்கூடிய இடம் அது. கையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் குடும்பம் எதைத் தூக்கும்? குழந்தைகளை, முதியவர்களை, நகையை, பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் இருக்கும் பையை. சரியான வரிசைதான் அது. ஆனால் அந்தப் பையில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசிடம் இன்னொரு பதிவு உண்டு. பெருவெள்ளத்துக்குப் பிறகு நகல் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. 2015-இல் வந்த டிஜிலாக்கரில் பல சான்றிதழ்கள் இருக்கின்றன. டி.வி.க்குக் கீழே நனைந்த டிஸ்க்கில் இருந்த சடங்கு வீடியோவுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் இல்லை. வீடியோ எடுத்த ஸ்டுடியோவிடம் கேட்கலாம் என்றால், பணம் செட்டிலாகி பென் டிரைவ் கைமாறிய பிறகு மூலக் கோப்புகளைக் காலவரையின்றி வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் குறைவு. வைத்திருக்கும் ஸ்டுடியோவும் அதே ஊரில், அதே தெருவில், அதே வெள்ளத்தில் இருந்திருக்கும்.

வெள்ளம் வராத ஆண்டுகளிலும் டி.வி. ஸ்டாண்ட் ஹார்ட் டிஸ்க்குக்கு நல்ல இடமில்லை. கையடக்க டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே குறிப்பிடும் இயக்க வெப்பநிலை வரம்பு 35 டிகிரி. பாளையங்கோட்டையில் கோடையில் வெளிவெப்பம் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும், டி.வி.யும் செட்டாப் பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து சூடேற்றும் மூடிய தட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். டி.வி.யின் யு.எஸ்.பி. 2.0 துளை விதிப்படி தரும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதற்கு மேல் தேவைப்படலாம். படம் பாதியில் நின்று 'சாதனம் துண்டிக்கப்பட்டது' என்று திரையில் வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஒவ்வொரு துண்டிப்பும் கோப்பு அட்டவணை சிதைவதற்கு ஒரு வாய்ப்பு. இடி மின்னல் காலத்தில் கேபிள் டி.வி. வயர் வழியாக வரும் அதிர்ச்சி செட்டாப் பெட்டி, எச்.டி.எம்.ஐ., கம்ப்யூட்டர், யு.எஸ்.பி. என்று வரிசையாகப் பாய வழி இருப்பதும் இந்த மூலையில்தான். இவை எதுவும் நடக்காவிட்டாலும் டிஸ்க்குக்கு ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளை இயக்கிக்கொண்டு, எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைத் தவறாமல் வெளியிடும் அமெரிக்க நிறுவனம் பேக்பிளேஸ். அதன் அண்மை ஆண்டுக் கணக்குகளில் பழுது விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அது குளிரூட்டப்பட்ட அறையில், தடையில்லா மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு. அதே விகிதத்தை நம் வீடுகளுக்கும் தாராளமாகக் கொடுத்தால்கூட, ஐந்து ஆண்டுகளில் நூறு வீடுகளில் ஏறக்குறைய ஏழு வீடுகள் டிஸ்க்கை இழக்கும்.

சினிமாதானே, போனால் போகிறது என்பார்கள் சிலர். சினிமாவைப் பொறுத்தவரை நானும் அதையே சொல்வேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. எல்லோரிடமும் இருக்கிறது என்று நினைத்த படங்கள் யாரிடமும் இல்லாமல் போனதும் நம் வரலாறுதான். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. ஆனால் டி.வி. மூலையில் இருக்கும் டிஸ்க்கின் உண்மையான மதிப்பு வேறு கோப்புகளில் இருக்கிறது. தொண்ணூறுகளில் வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்த கல்யாணங்களைப் பலர் டி.வி.டி.க்கும் பிறகு டிஸ்க்குக்கும் மாற்றிவிட்டார்கள். மூலக் கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கும். அதை ஓட்டிப் பார்க்கப் புது வி.சி.ஆர். வாங்கவும் முடியாது, கடைசியாக அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதனால் டிஸ்க்கில் இருப்பது இன்று நகல் என்ற நிலையைக் கடந்து மூலமாகவே ஆகிவிட்டது. ஊர்க்கொடைகளில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் யாரோ ஒரு குடும்பம் கேமரா வைத்து எடுத்திருக்கும். அப்படிப் பாடியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பாடிய அந்த ஊர்க் கதைப்பாடம் அச்சிலும் இருக்காது, ஆவணக் காப்பகத்திலும் இருக்காது. ஒரு வீட்டு டிஸ்க்கில் மட்டும், 'கொடை 2009' என்ற பெயரில் ஒரு ஃபோல்டராக இருக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பிரதி இருந்தால்தான் எதுவும் தப்பும் என்பதை இந்த ஆற்றங்கரையே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பிப்பதற்கு முன் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணிக் கரையோரமாகவே வந்தார். கவிராயர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்து வைத்திருந்த சுவடிகள் அவருக்குக் கிடைத்தன. ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை இன்னோர் ஊர் ஏட்டைக் கொண்டு நிரப்பினார். அவருடைய பதிப்பு முறையே பல பிரதிகளை ஒப்பிடுவதில்தான் நின்றது. அதே பயணங்களில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் தீயில் இடப்பட்டுவிட்டன என்பதையும் அவர் கேட்க நேர்ந்தது. 'என் சரித்திரம்' படித்தவர்கள் அந்தப் பகுதியை மறக்க மாட்டார்கள். கோயிலில் இருந்தது பெரிய தொகுதி, ஆனால் ஒரே இடத்தில் இருந்தது. கவிராயர் வீடுகளில் இருந்தவை சிறியவை, ஆனால் பல ஊர்களில் பரவிக் கிடந்தன. பனையோலைக்குச் சில நூற்றாண்டு ஆயுள். அதற்கே தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பிரதி செய்ய வேண்டியிருந்தது. ஐந்தாறு ஆண்டு ஆயுள் உள்ள டிஸ்க்குக்கு நாம் அந்த அக்கறையில் கால்பங்குகூடக் காட்டுவதில்லை. அதுவும் எழுத்தாணி பிடித்து எழுத வேண்டியதில்லை, 'காப்பி, பேஸ்ட்' செய்தாலே போதும் என்ற காலத்தில்.

சரி, நெட்வொர்க் பெட்டி எதற்கு? பழைய நெல்லை வீடுகளில் புழக்கம் பட்டாசாலில் இருக்கும். நெல்லும் பாத்திரமும் நகையும் உள்ளே அரங்குவீட்டில் இருக்கும். அதே அமைப்புதான் இதுவும். டி.வி.யோடு இருக்கும் கம்ப்யூட்டர் படம் காட்டும் வேலையை மட்டும் பார்க்கும். கோப்புகள் வீட்டின் வேறு மூலையில், உயரமான, காற்றோட்டமுள்ள இடத்தில், முடிந்தால் மாடி அறையில், ரவுட்டரோடு இணைந்த பெட்டிக்குள் இருக்கும். இதனால் கிடைக்கும் முதல் நன்மை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். யு.எஸ்.பி. வயரின் நீளம் ஒன்றிரண்டு அடி; ஆகவே அந்த டிஸ்க் டி.வி. இருக்கும் இடத்திலேயே கிடக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளை நூறு மீட்டர் வரை இழுக்கலாம். அடுத்தது, ஒரே கோப்பை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளை ஏற்றிவிட்டால் பட்டாசால் டி.வி., மாடி டி.வி., கைப்பேசி எல்லாவற்றிலும் அதே கல்யாண வீடியோ ஓடும். டிஸ்க்கைப் பிடுங்கி அறைக்கு அறை தூக்கித் திரிய வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படங்கள் இரவில் தானாகவே அங்கே போய்ச் சேரும்படியும் செய்யலாம். என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பயன். நினைத்து நினைத்துச் செய்ய வேண்டிய வேலையை யாரும் தொடர்ந்து செய்வதில்லை.

நெட்வொர்க்கில் படம் திக்கித் திக்கி ஓடுமே என்ற பயம் பழைய வை-ஃபை காலத்தது. சாதாரண புளூ-ரே வட்டின் காட்சித் தரவு உச்சமாக நொடிக்கு 40 மெகாபிட். 4கே புளூ-ரேயில் மொத்தத் தரவும் சேர்த்து உச்ச அளவு 128 மெகாபிட். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் கேபிள் 1000 மெகாபிட் தாங்கும். இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெட் கட்டானாலும் வீட்டுக்குள் படம் ஓடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்களைத் தாண்டி வை-ஃபை தடுமாறத்தான் செய்யும். அப்படிப்பட்ட பழைய வீடுகளில் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு கேபிளை இழுத்துவிடுவது நல்லது. ராஸ்பெரி பையின் சில பழைய மாதிரிகளும் பல டி.வி.க்களின் நெட்வொர்க் துளைகளும் 100 மெகாபிட்டைத் தாண்டாது. பெரிய 4கே கோப்பு அங்கே மட்டும் முரண்டு பிடிக்கலாம்.

செலவு பற்றிய ஆட்சேபம் நியாயமானது. இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி வெறும் பெட்டியாகவே பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் கேட்கிறது, டிஸ்க்குகள் தனி. எல்லா வீட்டுக்கும் இது கட்டாது, கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. திரை உடைந்து அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஒரு டிஸ்க்கை இணைத்து, மாடியில் ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் அதுவும் நெட்வொர்க் சேமிப்புதான். பேட்டரி இருப்பதால் மின்தடையின்போது உடனே அணையாது என்பது கூடுதல் லாபம். பல ரவுட்டர்களிலேயே யு.எஸ்.பி. துளை இருக்கிறது, மெதுவாக இருந்தாலும் தொடக்கத்துக்குப் போதும். மின் கட்டணத்தையும் கணக்குப் பார்க்கலாம். 20 வாட் எடுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் ஆகும். வேலையில்லாத நேரத்தில் டிஸ்க் உறங்கும்படி அமைத்தால் அதிலும் குறையும். சும்மா இல்லை, ஆனால் பயப்படும் தொகையும் இல்லை. கையில் காசு ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் எதை வாங்குவது? இந்த இடத்தில் நான் தயங்காமல் நாஸை விட்டுவிடச் சொல்வேன். இரண்டாவதாக ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, வேறு ஊருக்கு அனுப்புவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

நாஸ் வாங்கியவர்கள் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும்: எங்கள் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும், பிறகென்ன கவலை? ரெய்டு என்ற இந்த ஏற்பாடு ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். அதற்குத்தான் அது உருவாக்கப்பட்டது. பேரன் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். தண்ணீர் வந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிகளை வைத்திருந்த பலர், தங்கள் கோப்புகள் இணையம் வழியாகத் துடைத்தெடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 2022 தொடக்கத்தில் 'டெட்போல்ட்' என்ற பணயத் தாக்குதல் கியூநாப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இரண்டிலும் சிக்கியவை இணையத்திலிருந்து எட்டக்கூடிய நிலையில் இருந்த பெட்டிகள். துபாயில் இருந்துகொண்டே வீட்டுப் பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக ரவுட்டரில் கதவைத் திறந்துவைப்பது தேவையற்றது. வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யும்படி வைத்து, மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி விலகும். மீதி ஆபத்துக்குப் பதில், மறுபடியும், எந்த வயரிலும் இணையாமல் வேறு ஊரில் கிடக்கும் டிஸ்க்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாமே என்று இளையவர்கள் கேட்பார்கள். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். கூகுளின் கணினிகள் தாமிரபரணியில் நனையப்போவதில்லை. வெள்ளத்திலிருந்து காப்பது என்பதை மட்டும் பார்த்தால் கிளவுடு நம் எந்த ஏற்பாட்டையும் வென்றுவிடும். சிக்கல் அளவிலும் வாடகையிலும் உரிமையிலும் இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுக்கும் 4கே கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. நிரப்பும், இரண்டு நாள் கல்யாணம் சில நூறு ஜி.பி. ஆகிவிடும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. புகைப்படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதியை 2021 ஜூன் 1 முதல் அது நிறுத்திவிட்டது. அதை நம்பிப் பல ஆண்டுப் படங்களை ஏற்றியவர்களுக்கு அன்றுதான் வாடகைக்கு இருக்கிறோம் என்பது உறைத்தது. இன்னும் பெரிய சிக்கல், கணக்கு தனிமனிதருடையது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. அப்பா இறந்துபோய், அவர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போனால், அவர் எடுத்த இருபது ஆண்டுப் படங்களும் அந்தக் கணக்கோடு போகும். டிஸ்க் குடும்பச் சொத்து; அலமாரியைத் திறந்தால் கிடைக்கும். வேகத்தையும் பார்த்துவிடலாம். நொடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் வேகமுள்ள இணைப்பில் 4 டி.பி. தரவைக் கிளவுடுக்கு அனுப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், இடையில் ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தால். அதே டிஸ்க்கை நெல்லை எக்ஸ்பிரஸில் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை சென்னையில் இருக்கும். முக்கியமான புகைப்படங்களை, சில ஜி.பி. மட்டும், கிளவுடிலும் வைத்துக்கொள்வதை நான் மறுக்கவில்லை, நல்லதுதான். அது மூன்றாவது பிரதியாக இருக்கட்டும்.

ஓ.டி.டி. இருக்கும்போது சினிமாவைச் சேமிப்பதே வீண் என்பதற்குச் சுருக்கமான பதில் போதும். 2023 மார்ச் 31-ஆம் தேதியோடு எச்.பி.ஓ. தொடர்கள் ஹாட்ஸ்டாரிலிருந்து ஒரே நாளில் மறைந்தன; சந்தா கட்டியிருந்தவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய வட்டு அப்படி மறையாது. ஆனால் நம் ஊர் டிஸ்க்குகளில் இருக்கும் சினிமாவில் கணிசமானது காசு கொடுத்து வாங்கியது இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. தியேட்டரில் திரையைப் படம்பிடிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. திருட்டுப் பிரதியைப் பாதுகாக்க யோசனை சொல்வதற்கு இந்தக் கட்டுரை வரவில்லை. ஒரு வகையில் அவற்றை அழித்துவிட்டால் வேலை எளிதாகும். 4 டி.பி. டிஸ்க்கில் உண்மையிலேயே காப்பாற்ற வேண்டியது அரை டி.பி.கூட இருக்காது என்பதைப் பல வீடுகள் அப்போதுதான் கண்டுபிடிக்கும்.

அந்த அரை டி.பி.யை வெளியூருக்கு அனுப்புவது நம் ஆட்களுக்குச் சிரமமே இல்லை. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை இந்த ஆற்றோரக் குடும்பங்களில் சென்னையிலோ மும்பை தாராவியிலோ வளைகுடாவிலோ ஒரு சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அவர்கள் கொடைக்கும் பொங்கலுக்கும் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கும் ஊருக்கு வருகிறார்கள். டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று மும்பையில் சித்தப்பா வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றில் இந்த வருஷத்துக் கோப்புகளை ஏற்றித் தயாராக வையுங்கள். கொடைக்கு வரும் சித்தப்பா பழையதைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் புதியதை எடுத்துப் போகட்டும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் உச்சமாக ஒரு வருஷத்துப் படங்கள்தான் ஆபத்தில் இருக்கும். அவையும் மாடியில் உள்ள நெட்வொர்க் பெட்டியில் இருக்கும். அரை டி.பி.யை நகலெடுக்க யு.எஸ்.பி. 3 துளையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கிறதே, டிஸ்க் வழியில் தொலைந்தால் என்ன ஆவது என்று கேட்பவர்களின் தயக்கம் சரியானது. டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கரும் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் கிளவுடு பற்றிச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும். ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வீட்டில், நகை வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

எந்த டிஸ்க் வாங்குவது என்பதில் ஒரே ஓர் எச்சரிக்கை. வேகமாக இருக்கிறதே என்று இதற்கு எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அதன் மின்னூட்டம் மெல்லக் கசியும். சாதாரணப் பயனர்களுக்கான எஸ்.எஸ்.டி., எழுதி எழுதித் தேய்ந்த நிலையில், 30 டிகிரியில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தர அளவு. நம் ஊர் அலமாரிகள் 30 டிகிரியில் நிற்பதில்லை. சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கே இந்த வேலைக்கு ஏற்றது, விலையும் குறைவு. திரும்பி வரும் டிஸ்க்கை அப்படியே அழித்து எழுதிவிடாமல், முதலில் டி.வி.யோடு இருக்கும் கம்ப்யூட்டரில் செருகி, பூட்டைத் திறந்து, நாலைந்து வீடியோக்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையும் நகல் ஓடுகிறது என்பதும் வெவ்வேறு. கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பட்டாசாலில் கூடியிருக்கும் அந்த இரண்டு நாளில் போன வருஷத்துக் கொடையைப் போட்டால், சோதனையும் முடிந்துவிடும். யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பெயர்களை ஃபோல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எழுதி வைத்துவிடலாம்.